டீக்கடையில் தொடங்காதீர்கள்

மக்களிடம் கேள்வி கேட்டு எழுதும் ஆய்வுக்காக முதன்முதலில் ஒரு கிராமத்துக்குப் போனபோது, பஸ் நிறுத்தத்து டீக்கடையிலேயே 20 படிவங்களை நிரப்பிவிட்டேன். இருபதும் ஆண்கள். காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை. எண்ணிக்கையைக் கூட்டினாலும் இது சரியாகாது. 1936இல் ஓர் அமெரிக்க இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்துக்கொண்டு அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் அமோகமாக வென்றார்.

இப்போதெல்லாம் முதல் நாள் கேள்வித்தாளைத் தொடுவதே இல்லை. தெருத்தெருவாக நடந்து, காலனி, தோட்டத்து வீடு, செங்கல் சூளைக் குடிசை என எதையும் விடாமல் வரிசை எண் போடுங்கள். வாக்காளர் பட்டியலை மட்டும் நம்பினால் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள் விடுபடுவார்கள். 400 வீடுகளில் 40 வேண்டுமா? இடைவெளி 10. ஒன்றிலிருந்து பத்து வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று போகவேண்டியதுதான், வாசலில் நாய் குரைத்தாலும்.

பூட்டிய வீடுதான் பெரிய சோதனை. பக்கத்து வீட்டைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும்; கூடாது. பகலில் வேலைக்குப் போகிறவர்களை அப்படித்தான் மொத்தமாக இழப்போம். மாலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். அப்படியும் ஆள் கிடைக்காவிட்டால் அதையே எழுதிவையுங்கள்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது? கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரிடம் என்பார்கள். பிறந்த தேதியே தெரியாத பாட்டிகள் இருக்கும் வீட்டில் எனக்கு அங்கேயும் சீட்டுதான்.