அடிப்படை உரிமை மனு: ஒரு மாதத்தைத் தவறவிடாதீர்கள்

பொலிஸ், பிரதேச செயலகம் போன்ற அரச தரப்பு உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அது கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் இம்மனுவைத் தாக்கல் செய்ய முடியாது.

காலக்கெடு ஒரே ஒரு மாதம். பலர் தோற்பது இங்கேதான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்று காட்டும்படி நீதிமன்றம் தீர்ப்புகளில் கேட்டிருக்கிறது. ஆணைக்குழுவின் ஒவ்வொரு கடிதத்தையும் திகதியோடு பத்திரப்படுத்துங்கள்.

மனுவோடு சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து ஒப்பமிட்ட எழுத்து வாக்குமூலம்) வேண்டும். காயமிருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். காயம் ஆறிய பின் நிரூபிப்பது கடினம்.

பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் வழி அடைபடாது. தடுப்புக்காவலில் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், 2003இல், உயிர் வாழும் உரிமை, நீதிமன்றக் கட்டளையின்றி எவரையும் மரணத்தாலோ சிறையாலோ தண்டிக்கக் கூடாது என்னும் 13(4) உறுப்புரைக்குள் அடங்கியிருக்கிறது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அரசியலமைப்பில் அந்த உரிமை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவில்லை. இத்தகைய வழக்கானால், அத்தீர்ப்பைச் சட்டத்தரணியிடம் கட்டாயம் நினைவூட்டுங்கள்.