பழைய டாட்ஜ் ராம் டீசல்: ஓவர்டிரைவுக்கும் லாக்கப்புக்கும் கைச் சுவிட்ச் போடும் முறை

1994, 1995 டாட்ஜ் ராம் கமின்ஸ் டீசலில் வரும் 47ஆர்எச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முதல் மூன்று கியரும் எண்ணெய் அழுத்தத்தாலேயே மாறும். மின்சாரத்துக்கு அங்கே இரண்டே வேலை: ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் நாலாம் கியர்) போடுவது, டார்க் கன்வெர்ட்டரை (எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் வழியாகச் சக்தி கடத்தும் பகுதி) நழுவாமல் லாக் செய்வது, அதாவது லாக்கப். இரண்டையும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதித்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் சிக்னல் ஆடினால் லாக்கப் போட்டுப் போட்டு எடுக்கும். பாரம் இழுக்கும் வண்டியில் அது லாக்கப் கிளட்சைத் தின்றுவிடும். சென்சார் கெட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் மேடு பள்ளத்தில் கட்டுப்பாடு நம் கையில் வேண்டும் என்றால் இந்த வேலை.

1996-ல் வந்த 47ஆர்இ பாக்ஸுக்கு இது பொருந்தாது. அதில் கவர்னர் அழுத்தமும் (வேகத்துக்கேற்ப கியரை மாற்றும் எண்ணெய் அழுத்தம்) கம்ப்யூட்டர் பொறுப்பு, கனெக்டரில் எட்டுப் பின். உங்கள் பாக்ஸின் இடது பக்கம் மூன்று பின் கனெக்டர் இருந்தால் மேலே படியுங்கள்.

தேவையானவை: நடுவில் நிற்கும் மூன்று நிலை டாகிள் சுவிட்ச் இரண்டு, ஐந்து கால் ரிலே ஒன்று, 1என்4007 டயோடு இரண்டு, பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க். வயருக்கு டிரெய்லர் விளக்குக்குப் போடும் 16 கேஜ் நாலு கோர் கேபிளை வாங்குங்கள். நாலு நிறம் ஒரே உறையில் இருப்பதால் அடியில் உரசாது. வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப்பை மட்டும் இந்த வேலையில் சேர்க்கவே வேண்டாம். ஒரே மழைக்காலத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்தால் வண்டிப் பக்கத்து நடுப் பின்னில் 12 வோல்ட் வரவேண்டும். கியர்பாக்ஸ் பக்கத்தில் நடுப் பின்னுக்கும் ஓரப் பின் ஒவ்வொன்றுக்கும் இடையே சுமார் 25 முதல் 40 ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் சோலினாய்டு (உள்ளே எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்சுருள்) அறுந்திருக்கிறது. சுவிட்ச் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. பின் உள்ளே நழுவியிருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி, பலரும் சறுக்கும் இடம். சுவிட்ச் என்றாலே 12 வோல்ட் கொடுப்பது என்று கை பழகியிருக்கும். இங்கே 12 வோல்ட் நடுப் பின் வழியாக ஏற்கெனவே சோலினாய்டில் நிற்கிறது. கம்ப்யூட்டர் செய்வது ஓர வயரை எர்த்துக்கு இறக்குவது மட்டும்தான். அந்த ஓர வயரில் நீங்களும் 12 வோல்ட் கொடுத்தால் இரு முனையிலும் ஒரே வோல்ட், கரண்ட் ஓடாது, ஒன்றும் நடக்காது. அதே நேரம் கம்ப்யூட்டர் அதை எர்த் செய்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கருகிவிடும். நம் சுவிட்சும் எர்த்தைத்தான் கொடுக்க வேண்டும்.

வெறுமனே ஓர வயரிலிருந்து ஒரு கிளை இழுத்து எர்த் செய்தால் போடத்தான் முடியும், கம்ப்யூட்டர் போட்டதை எடுக்க முடியாது. அதனால் ஓர வயர்கள் இரண்டையும், கனெக்டருக்கு ஒரு அடி மேலே, வெட்டுங்கள். சோலினாய்டு பக்க முனை சுவிட்சின் நடுக் காலுக்கு. கம்ப்யூட்டர் பக்க முனை ஓரக் கால் ஒன்றுக்கு. மற்ற ஓரக் கால் எர்த்துக்கு. ஒரு பக்கம் தட்டினால் பழையபடி கம்ப்யூட்டர், நடுவில் ஆஃப், மறுபக்கம் உங்கள் கை. டாகிளில் பிடி சாயும் திசைக்கு எதிர்ப்பக்கக் கால்தான் இணையும். ஆகவே மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே கால்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய இடத்தில் ஒவ்வொரு சோலினாய்டுக்கும் குறுக்கே ஒரு டயோடு. வெள்ளிக்கோடு உள்ள முனை நடு வயருக்கு, மறு முனை சோலினாய்டு பக்க ஓர வயருக்கு. மாற்றி வைத்தால் சுவிட்ச் போட்டவுடன் ஃபியூஸ் போகும்.

ஓவர்டிரைவ் சுவிட்சின் எர்த் காலை நேராக பாடியில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் முடியுங்கள். லாக்கப் சுவிட்சுக்கு அப்படிச் செய்யக் கூடாது. லாக்கப்போடு அவசர பிரேக் அடித்தால் எஞ்சின் திணறி நின்றுவிடலாம். அதற்குத்தான் ரிலே. அதன் கால்களில் உள்ள எண்படி: 86-ல் பிரேக் லைட் வயர் (பெடல் சுவிட்சைத் தாண்டி விளக்குக்குப் போகும் பக்கம்), 85-ல் எர்த், 30-ல் எர்த், 87ஏ-யிலிருந்து லாக்கப் சுவிட்சின் எர்த் காலுக்கு. பிரேக்கில் கால் பட்டதும் 87ஏ பிரிந்து லாக்கப் விடும். 87-ல் மாட்டினால் தலைகீழ்: பிரேக் மிதித்தால் மட்டும் லாக் ஆகும். நாலு கால் ரிலேயில் 87ஏ கிடையாது, அதைக் கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எந்த ஓரப் பின் எது என்று வயர் நிறத்தை நம்ப வேண்டாம், ஓட்டிப் பார்த்தே தெரியும். காலியான சாலையில் மணிக்கு 50 மைலில், மூன்றாம் கியரில், ஒரு சுவிட்சை மட்டும் கைப்பக்கம் போடுங்கள். ஓவர்டிரைவ் விகிதம் 0.69. ஆகவே 2,400 சுற்று ஏறத்தாழ 1,650-க்கு இறங்கினால் அதுதான் ஓவர்டிரைவ். லாக்கப் என்றால் இரண்டு மூன்று நூறுதான் இறங்கும். மாறியிருந்தால் கால்களை மாற்றிப் போடுங்கள். ரிலே லாக்கப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

ஓட்டும்போது ஒழுங்கு ஒன்று: கியர் ஏற்றும்போது முதலில் ஓவர்டிரைவ் போடுங்கள், இரண்டு மூன்று நொடி கழித்து லாக்கப். இறக்கும்போது முதலில் லாக்கப்பை எடுங்கள். பாரத்தோடு ஏற்றம் ஏறுகையில் ஓவர்டிரைவை எடுத்துவிட்டு, மூன்றாம் கியரில் லாக்கப் வைத்துக்கொள்வதே பாக்ஸுக்கு நல்லது, எண்ணெய் சூடாகாது. காலைக் குளிரில் எண்ணெய் சூடாகும்வரை ஓவர்டிரைவ் வேண்டாம்.

பின்சேர்க்கை: சுவிட்ச் கம்ப்யூட்டர் நிலையில் இல்லாதபோது அந்த வயர் திறந்திருப்பதால் கம்ப்யூட்டரில் கோளாறு எண் பதியலாம். சாவியை ஐந்து நொடிக்குள் ஆன்-ஆஃப்-ஆன்-ஆஃப்-ஆன் செய்து எஞ்சின் விளக்கு மினுக்குவதை எண்ணுங்கள். 37 லாக்கப் சர்க்யூட், 45 ஓவர்டிரைவ் சர்க்யூட். சுவிட்சைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளி ஓட்டியும் இவை திரும்ப வந்தால், வெட்டிய இடத்தின் கிரிம்பை இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பிடி விட்டிருக்கும்.