கேட்டது கிடைத்த பிறகு கடவுளை மறக்காமல் இருப்பது எப்படி?

கஷ்டத்தில் ஜெபிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாக வந்துவிடும். கஷ்டம் தீர்ந்த பிறகுதான் தடுமாறுகிறோம். அதனால் இந்தக் குறிப்புகள் அந்த நேரத்துக்கு மட்டும்.

என்னிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும், எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி "இந்த ஒரு தடவை மட்டும் ஆண்டவரே" என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். கை நேராக போனுக்குப் போனது. அண்ணனிடம் நான் சொன்ன முதல் வாக்கியம்: "நல்லவேளை, நான் சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்." அதுவரை 'நீர், நீர்' என்று கெஞ்சிய வாய்தான். நன்றி மறப்பதும் பெருமையும் வேறு வேறு குணங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, அன்றைக்கு இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தது.

சரி, என்ன செய்யலாம்? நல்ல செய்தி கிடைத்ததும், வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் கடவுளிடம் போய்ச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். பைபிளில் லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் சுகமான பத்து குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் திரும்பி வரவில்லை என்று அவர்களைத் திட்டுகிறோம், ஆனால் அவர்கள் எங்கேயோ ஊர்சுற்றப் போகவில்லை. ஆசாரியர்களிடம், அதாவது ஆலய குருக்களிடம், போய் உங்களைக் காட்டுங்கள் என்று இயேசு சொன்ன வேலையாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். நாமும் அப்படித்தான், அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை. நடுவழியில் நின்று திரும்பியவன் ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். 'அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்' என்று தோன்றுகிறதே, அங்கேதான் நிற்க வேண்டும்.

அடுத்தது, நடந்ததை மற்றவர்களிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். பைபிளில் வரும் யூதா தேசத்து ராஜா எசேக்கியா சாகக் கிடந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார், ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது, அடையாளமாகச் சூரிய கடிகாரத்தில் நிழல் 10 பாகை பின்னுக்குப் போனது. அந்த அற்புதத்தை விசாரிக்கவே பாபிலோனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சாட்சி சொல்ல இதைவிட வாய்ப்பு கிடைக்குமா? அவரோ வெள்ளி, பொன், பரிமளதைலம், ஆயுதசாலை என்று ஒன்று விடாமல் தன் பொக்கிஷத்தைச் சுற்றிக் காட்டினார். செய்யப்பட்ட உபகாரத்துக்குத் தக்கபடி நடக்காமல் மனமேட்டிமையானார் என்று 2 நாளாகமம் 32-ஆம் அதிகாரம் நன்றி மறந்ததையும் பெருமையையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் வெற்றிக் கதையில் 'நான்' எத்தனை முறை வருகிறது என்று ஒருதரம் எண்ணிப் பாருங்கள், நான் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்!

இதற்காக உங்கள் உழைப்பை ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டாம், அது போலித் தாழ்மை. பைபிளின் உபாகமம் 8-ஆம் அதிகாரம் உழைப்பை மறுக்கவில்லை. சம்பாதிக்கும் பெலன் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறது.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் கேட்டது, வலது பக்கத்தில் நடந்தது, தேதியோடு. என் நோட்டில் இடது பக்கம் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தேன், வலது பக்கத்தில் பாதிக்கு மேல் காலி. பதில் வராததால் அல்ல, வந்ததை எழுதாததால். கிடைக்காததையும் 'கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள், அந்த வருத்தத்தை மறைத்துவிட்டுச் சொல்லும் நன்றி ரொம்ப நாள் தாங்காது.

ஒரு எச்சரிக்கை. நன்றியே பெருமையாகவும் மாறும். "மற்றவர்களைப்போல் நான் இல்லை, அதற்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று இயேசு சொன்ன கதையில் ஜெபித்த பரிசேயனும் (மதச் சட்டங்களைக் கறாராகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) நன்றிதான் சொன்னான். அடுத்தவரை ஒப்பிட்டுச் சொல்லும் நன்றியை அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, தப்பாகச் சொன்ன கதையை யாரிடம் சொன்னீர்களோ அவரிடமே திருத்திச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து அண்ணனுக்குப் போன் போட்டு, "அன்னைக்கு நான் சரியா சொல்லல, அந்த ரெண்டு மணி நேரமும் ஜெபம்தான் பண்ணிட்டிருந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "நானும்தான்டா."