அமெரிக்க முன்னோடித் தலைவர்களின் கடிதங்கள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

முதல் கடிதமே முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். விலை எட்டாது, போலிகளும் அங்கேதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் வாஷிங்டன் கையெழுத்தைப் போலியாக எழுதி விற்றே பிழைத்தார்.

படி 1: முகவரித் தாளில் தொடங்குங்கள். அந்தத் தலைவர்கள் காலத்தில் பெரும்பாலும் தனி உறை கிடையாது. கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்புறம் முகவரி எழுதினார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் அதில் 'ஃப்ரீ' (இலவசம்) என்று எழுதிக் கையொப்பமிட்டால் தபால் கட்டணம் இல்லை. இத்தகைய தாள்கள் தனியாகவும் விற்பனைக்கு வரும். முழுக் கடிதத்தைவிட மலிவு.

படி 2: எழுதிய கை யாருடையது என்று கேளுங்கள். முழுதும் அவரே எழுதியதா, உதவியாளர் எழுத அவர் கையொப்பம் மட்டும் போட்டதா? விலை இதில்தான் மாறும். 1833-இல் வந்த சட்டத்துக்குப் பின் அரசு வழங்கிய நில உரிமைப் பத்திரங்களில் அதிபரின் பெயரைச் செயலரே எழுதினார். ஆகவே அப்போதைய அதிபர் 'ஆண்ட்ரூ ஜாக்சன்' பெயர் இருந்தாலே அது ஜாக்சன் போட்டதாகிவிடாது.

படி 3: தாளைப் படியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கந்தைத்துணிக் கூழில் செய்த அந்தக் காலத் தாளில் பெரும்பாலும் நெருக்கமான கோடுகளும் சில சமயம் நீர்க்குறியும் (தாள் செய்யும்போதே பதிந்த அடையாளம்) தெரியும். அப்புறம், பூதக்கண்ணாடியை மடிப்பின் மேல் கொண்டுபோங்கள். எழுதிய பிறகு மடித்த தாளில் மையின் கோடு மடிப்பைச் சுத்தமாகக் கடக்கும். பழைய வெற்றுத் தாளில் பிற்பாடு எழுதியிருந்தால், உடைந்த இழைகளுக்குள் மை ஊறி அங்கே கசிந்து நிற்கும். அரக்கு முத்திரை இருந்த இடத்தில் ஒரு துண்டு கிழிந்திருந்தால் கவலை வேண்டாம், பிரித்தபோது கிழிந்தது அது.

படி 4: வந்த வழியை விசாரியுங்கள். அமெரிக்காவின் முதல் நிதிச் செயலரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1780-இல், அமெரிக்கர்களுடன் சேர்ந்து போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்துக்கு எழுதிய கடிதம் மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து திருடு போனது. 2018-இல் ஏலத்துக்கு வந்தபோது பிடிபட்டு, வழக்குக்குப் பின் காப்பகத்துக்கே திரும்பியது. இப்படித் திருடு போனதை வாங்கினால் பணமும் போகும், கடிதமும் போகும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இந்தத் தலைவர்கள் பலரின் கடிதங்கள் உள்ளன; நீங்கள் வாங்க நினைக்கும் கடிதத்தின் ஒரு வரியை அங்கே தேடிப் பாருங்கள், இலவசம்தான். மூலப்பிரதி ஏதாவது காப்பகத்தில் இருப்பதாகப் போட்டிருந்தால், அங்கே கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

படி 5: வாங்கியதை அமிலமற்ற கோப்பில், வெயில் படாமல் வையுங்கள். சுத்தமான, உலர்ந்த கையால் தொட்டால் போதும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது.