லேப்டாப்பில் செருகிய மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா? 144-க்கும் 165-க்கும் கொண்டுபோகும் வழி

புது மானிட்டரின் பெட்டியில் 165 ஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்; அதாவது திரை விநாடிக்கு 165 முறை புதுப்பிக்கப்படும். லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் 60 தான் வரும். மானிட்டரைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள்; பெரும்பாலும் எதுவுமே பழுதாகியிருக்காது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப், அதன் போர்ட், கேபிள், நடுவில் ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி) இருந்தால் அது, மானிட்டரின் போர்ட், கடைசியாக விண்டோஸ் செட்டிங் என்று ஆறு இடங்கள் இருக்கின்றன. இவற்றில் எது மட்டாக இருக்கிறதோ அதன் வேகம்தான் திரைக்கு வரும். அது எது என்று கண்டுபிடிக்காமல் கேபிள், ஹப் என்று வாங்கிக் குவித்தால் காசுதான் கரையும். அதனால் செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, பிறகு கடைக்குப் போகலாம்.

படி 1: விண்டோஸ் செட்டிங்கைப் பாருங்கள்

புதிதாக ஒரு மானிட்டரைச் செருகினால் விண்டோஸ் பல நேரம் தானாக 60-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று வரிசையாகப் போங்கள். மேலே எந்தத் திரை என்று கேட்கும் இடத்தில் லேப்டாப்பின் சொந்தத் திரை இருக்கும். அதை வெளி மானிட்டருக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். பிறகு 'சூஸ் எ ரிஃப்ரெஷ் ரேட்' பட்டியலைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். திரை கறுத்துப்போனால் பதற வேண்டாம். நீங்கள் 'கீப் சேஞ்சஸ்' அழுத்தாவிட்டால் 15 விநாடியில் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

144-க்குப் பதில் 143.98 அல்லது 143.91 என்று காட்டினால் அதுவே சரி. அந்தச் சின்ன வித்தியாசத்தைத் துரத்த வேண்டாம்.

அதே பக்கத்தில் 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரிதான் கேபிளில் உண்மையில் போகும் சிக்னல். மேலே 1920×1080 என்றும் கீழே 2560×1440 என்றும் இருந்தால், டெஸ்க்டாப்பை நீங்கள் குறைத்து வைத்திருந்தாலும் கேபிள் 1440பி சுமையைத்தான் சுமக்கிறது.

அடுத்து, விண்டோஸ் பட்டனோடு 'பி' எழுத்தை அழுத்துங்கள். 'டூப்ளிகேட்' தேர்வாகியிருந்தால் இரண்டு திரைக்கும் பொதுவான வேகத்தில்தான் ஓடும். லேப்டாப் திரை 60 என்றால் வெளித் திரையும் 60-இல் மாட்டிக்கொள்ளும். 'எக்ஸ்டெண்ட்' அல்லது 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' வையுங்கள். பலருக்குப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை என்று அர்த்தம். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை ஏற்றாதவரை மற்ற எதைச் செய்தும் பலனில்லை.

படி 2: மானிட்டரின் மெனுவைத் திறங்கள்

மானிட்டரின் பின்புறமோ கீழ்ப்புறமோ உள்ள பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, டிஸ்பிளேபோர்ட் (எச்டிஎம்ஐ போல இன்னொரு வகைப் பட இணைப்பு) வெர்ஷன்: சில மானிட்டர்கள் பழைய கம்ப்யூட்டர்களோடு ஒத்துப்போவதற்காக 1.1 அல்லது 1.2-இல் வைக்கப்பட்டிருக்கும், அதை 1.4 ஆக்குங்கள். இரண்டு, ஓவர்கிளாக் என்ற வசதி: 165 ஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் சில மானிட்டர்கள் இதை ஆன் செய்தால்தான் 144-ஐத் தாண்டும். மூன்று, இன்ஃபர்மேஷன் பக்கம்: இந்த நொடியில் மானிட்டருக்கு வந்துசேரும் ரிசொல்யூஷனும் ஹெர்ட்ஸும் அங்கே எழுதியிருக்கும். விண்டோஸ் சொல்வதைவிட இதை நம்பலாம்.

மானிட்டரின் கையேட்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி உச்ச வேகம் போட்டிருக்கும். டிஸ்பிளேபோர்ட்டில் 165, எச்டிஎம்ஐயில் 144, சிலவற்றில் 120 அல்லது 75 மட்டும் என்று இருப்பது சகஜம். பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண் பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட்டுக்கு உரியது. ஆனால் லேப்டாப்பில் இருப்பதோ எச்டிஎம்ஐ. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

படி 3: உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள்

அகலம் × உயரம் × ஹெர்ட்ஸ் × 24. நிறத்துக்கு 8 பிட் வீதம் மூன்று நிறத்துக்கு 24 பிட். 1440பி திரையில் 144 ஹெர்ட்ஸுக்கு 2560 × 1440 × 144 × 24 என்றால் 12.74 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிகாபிட்). திரையில் தெரியாத இடைவெளிப் பிக்சல்களும் சிக்னலில் சேர்ந்தே போவதால் அதோடு சுமார் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய 14 ஜிபிபிஎஸ். அதே முறையில் (இடைவெளியின் பங்கு ரிசொல்யூஷனுக்கும் ஹெர்ட்ஸுக்கும் ஏற்பச் சற்று மாறும்):

- 1080பி, 144 ஹெர்ட்ஸ்: சுமார் 8
- 1440பி, 120 ஹெர்ட்ஸ்: சுமார் 11.6
- 1440பி, 165 ஹெர்ட்ஸ்: சுமார் 16.3
- 4கே (3840×2160), 60 ஹெர்ட்ஸ்: சுமார் 12.5
- 4கே, 144 ஹெர்ட்ஸ்: 31-க்கு மேல்

போர்ட்கள் கொடுப்பது எவ்வளவு? விளம்பரத்தில் போடும் எண் வேறு, படத்துக்கென்று மிஞ்சுவது வேறு. படத்துக்குக் கிடைப்பது இவ்வளவுதான்:

- எச்டிஎம்ஐ 1.4: 8.16
- எச்டிஎம்ஐ 2.0: 14.4
- டிஸ்பிளேபோர்ட் 1.2: 17.28
- டிஸ்பிளேபோர்ட் 1.4: 25.92
- எச்டிஎம்ஐ 2.1, முழு வேகத்தில்: 42-க்குச் சற்று மேல்

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 1440பி 165 மானிட்டரை எச்டிஎம்ஐ 2.0-இல் செருகினால் ஏன் 144-இலேயே நிற்கிறது? தேவை 16.3, கிடைப்பது 14.4. எவ்வளவு விலை கொடுத்து கேபிள் வாங்கினாலும் அந்தப் போர்ட்டில் 165 வராது. எச்டிஎம்ஐ 1.4 லேப்டாப்பில் 1080பிக்கு 120 எளிதாக வரும். 144 என்பது விளிம்பில் தொங்கும் கணக்கு. 4கே 144 வேண்டுமென்றால் டிஸ்பிளேபோர்ட் 1.4-உம் தனியாகப் போதாது. டிஎஸ்சி என்ற சுருக்கும் வசதி லேப்டாப், மானிட்டர் இரண்டிலும் இருக்க வேண்டும்.

படி 4: லேப்டாப்பின் போர்ட் எந்த வகை?

எச்டிஎம்ஐ போர்ட்டை வெளியிலிருந்து பார்த்து 1.4-ஆ 2.1-ஆ என்று சொல்ல முடியாது, துளை ஒன்றுதான். அடிப்புற ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணை எடுத்து, கம்பெனியின் தளத்தில் விவரப் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயரில் பல வகைகள் விற்பதால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தப்பான பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

கேமிங் லேப்டாப்பில் இன்னொரு விஷயம். உள்ளே இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும்: இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸரோடு வருவது ஒன்று, என்விடியா போன்ற தனிச் சிப் ஒன்று. எச்டிஎம்ஐ போர்ட் இவற்றில் எதோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். இன்டெல் யூஎச்டி 620, 630 காலத்துச் சிப்கள் எச்டிஎம்ஐ 1.4-ஐ மட்டுமே நேரடியாகக் கொடுக்கும். எனவே உள்ளே என்விடியா 10 வரிசை இருந்தாலும், போர்ட் இன்டெல் வழியாக வந்தால் 1.4-இலேயே முடங்கக்கூடும். சோதிக்க என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'கான்ஃபிகர் சரவுண்ட், ஃபிஸ்எக்ஸ்' பக்கத்தைத் திறங்கள். எந்தத் திரை எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்று படமாகவே காட்டும். யூஎஸ்பி-சி துளையில் மாற்றிச் செருகி மறுபடி பாருங்கள். சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ ஒரு சிப்புக்கும் யூஎஸ்பி-சி இன்னொரு சிப்புக்கும் போகிறது.

யூஎஸ்பி-சி எல்லாமே படம் தராது. துளை அருகில் 'டி' எழுத்துக்குள் 'பி' நுழைந்தது போன்ற சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும் என்று எதிர்பார்க்கலாம். சின்னம் இல்லையென்றால் விவரப் பட்டியலில் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' (யூஎஸ்பி-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி) என்ற சொல்லைத் தேடுங்கள். 'யூஎஸ்பி 3.2' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பிக் கேபிள் வாங்க வேண்டாம்.

எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2.0-இன் வேகம் மட்டுமே உள்ள போர்ட்டுக்கும் 2.1 என்று பெயரிட விதிகள் இடம் கொடுக்கின்றன. '4கே 120 ஹெர்ட்ஸ்' என்றோ ஜிபிபிஎஸ் கணக்கோ கூடவே போட்டிருந்தால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு.

படி 5: கேபிளும் நடுவில் இருப்பவையும்

லேப்டாப்பில் படம் தரும் யூஎஸ்பி-சி இருந்தால், நாங்கள் முதலில் சொல்வது ஒரு முனை யூஎஸ்பி-சி, மறுமுனை டிஸ்பிளேபோர்ட் உள்ள நேர் கேபிள். உள்ளே ஓடுவது டிஸ்பிளேபோர்ட் சிக்னலேதான். அதை வேறு வகைக்கு மாற்றும் சிப் நடுவில் தேவையில்லை. 1440பி 165-க்கு இதைவிடத் தொல்லை குறைந்த வழி கிடையாது. 2 மீட்டருக்குள் இருக்கட்டும், 8கே 60 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.4 என்று குறிப்பிட்டதாக வாங்குங்கள். போனோடு வந்த சார்ஜிங் கேபிளை இரண்டு பக்கமும் செருகிப் படம் வரவில்லையே என்று கேட்காதீர்கள். அவற்றில் பல யூஎஸ்பி 2.0 கம்பிகளோடு மட்டுமே வருகின்றன; படம் போக வழியே இருக்காது.

யூஎஸ்பி-சி ஹப் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். யூஎஸ்பி-சியில் வேகமான லேன், அதாவது சிக்னல் போகும் தடம், நான்கு. நேர் கேபிளில் நான்கும் படத்துக்குப் போகும். யூஎஸ்பி 3 துளைகள் உள்ள பெரும்பாலான ஹப்களில் இரண்டு லேனை டேட்டா எடுத்துக்கொள்ளும், படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. டிஸ்பிளேபோர்ட் 1.4 என்றால் 12.96 ஜிபிபிஎஸ், 1.2 என்றால் 8.64. அதனால்தான் நேராகச் செருகினால் 165 ஓடும் அதே 1440பி மானிட்டர், ஹப் வழியாக 120-இலோ 75-இலோ நிற்கிறது. மானிட்டருக்குத் தனி கேபிள், கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஹப் என்று பிரித்துவிடுங்கள்.

ஹப் பெட்டியில் '4கே 30' என்றிருந்தால் அதன் எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் இருக்கிறது. 1440பி திரைக்கு 60, 75-ஐத் தாண்டாது. '4கே 60' என்றிருந்தால் ஓரளவு நம்பலாம். டிஸ்பிளேலிங்க் சிப் உள்ள டாக் வேறு ரகம்: படத்தைச் சுருக்கி யூஎஸ்பி டேட்டாவாக அனுப்புகிறது. ஆபீஸ் வேலைக்கு நல்ல சாதனம், விளையாட்டுக்கு அல்ல.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் என்ற நிலையில் மலிவான 'டிஸ்பிளேபோர்ட் டு எச்டிஎம்ஐ' கேபிளைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. அவை ஒருவழிப் பாதை: டிஸ்பிளேபோர்ட் பக்கம் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும். எதிர்த்திசைக்கு யூஎஸ்பி மூலம் மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். அதற்கும் சொந்த வேக வரம்பு உண்டு.

எச்டிஎம்ஐ கேபிளில் வெர்ஷன் எண்ணைவிட முத்திரை முக்கியம். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்றால் 18 ஜிபிபிஎஸ், 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்றால் 48. இரண்டாவதன் பெட்டியில் போனால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் இருக்கும்.

கேபிள்தான் குற்றவாளி என்று எப்படித் தெரியும்? பட்டியலில் 144 இருக்கும், தேர்ந்தெடுத்தால் ஓடவும் செய்யும். ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை ஒரு விநாடி கறுத்து மீளும், அல்லது கறுப்புப் பகுதிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். 120-க்கு இறக்கினால் அந்தத் தொல்லை நிற்கும். அப்படியானால் கேபிளை மாற்றுங்கள். பட்டியலில் 144 என்ற எண்ணே வராவிட்டால் கேபிளைவிட போர்ட், ஹப், மானிட்டர் மெனு ஆகியவற்றின் மீதுதான் சந்தேகம் முதலில் போக வேண்டும்.

படி 6: நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்

நிறத்துக்கு 10 பிட் வைத்தால் சுமை கால் பங்கு கூடும். 1440பி 144-க்கு 14 ஆக இருந்தது சுமார் 17.5 ஆகிவிடும், எச்டிஎம்ஐ 2.0-க்கும் டிஸ்பிளேபோர்ட் 1.2-க்கும் இது அடங்காது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரிசொல்யூஷன்' பக்கத்துக்குப் போய் 'யூஸ் என்விடியா கலர் செட்டிங்ஸ்' தேர்ந்தெடுத்து 8 பிபிசி (நிறத்துக்கு 8 பிட்), ஆர்ஜிபி (நிறத்தைக் குறைக்காமல் அனுப்பும் முறை) என்று வையுங்கள். அதே பக்கத்தில் ரிசொல்யூஷன் பட்டியல் 'அல்ட்ரா எச்டி, எச்டி, எஸ்டி' என்றும் 'பிசி' என்றும் இரண்டு பிரிவாக இருக்கும். மேல் பிரிவு டிவிக்கானது. கீழே உருட்டி 'பிசி' பிரிவில் உங்கள் ரிசொல்யூஷனைத் தேர்ந்தெடுத்தால் மறைந்திருந்த 144 தலைகாட்டும். ஏஎம்டி லேப்டாப்பில் அட்ரினலின் மென்பொருளின் டிஸ்பிளே பக்கத்தில் கலர் டெப்த், பிக்சல் ஃபார்மட் என்று இதே வசதி உண்டு.

நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும் ஒய்சிபிசிஆர் 4:2:0 முறைக்கு இறக்கியும் வேகத்தைக் கூட்டலாம். ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் பாருங்கள்: ஓரங்கள் கரைந்து நிழலடித்திருக்கும். நாள் முழுக்க எழுத்து படிக்கிற மானிட்டரில் இதைச் செய்ய வேண்டாம். ஆர்ஜிபியில் 120 ஓடினால் அதுவே மேல்.

படி 7: உண்மையிலேயே வருகிறதா என்று பாருங்கள்

டெஸ்ட் யூஎஃப்ஓ தளத்தில் ஃபிரேம் ஸ்கிப்பிங் சோதனையை வெளி மானிட்டரில் முழுத் திரையில் திறங்கள். போன் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டரை 1/10 விநாடியாக்கி, கையை ஆட்டாமல் ஒரு படம் எடுங்கள். 144 ஹெர்ட்ஸில் அடுத்தடுத்து 14 கட்டங்கள் வரை இடைவெளியின்றி வெளிச்சமாகத் தெரிய வேண்டும். நடுநடுவே இருண்ட கட்டம் வந்தால் மானிட்டர் ஃபிரேம்களை விழுங்குகிறது. ஓவர்கிளாக் வைத்திருந்தால் ஒரு படி கீழே இறக்குங்கள்.

டெஸ்க்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தும் விளையாட்டில் மட்டும் 60 என்றால், அந்த விளையாட்டின் வீடியோ செட்டிங்கில் மானிட்டர், ரிஃப்ரெஷ் ரேட், ஃபிரேம் லிமிட் என்ற மூன்றையும் தனியாக மாற்ற வேண்டும். சார்ஜரைச் செருகியபடியே சோதியுங்கள். பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் சிப்புக்கு மின்சாரம் குறைக்கப்படுவதால் ஹெர்ட்ஸ் 144 என்றே காட்டினாலும் ஃபிரேம்கள் அந்த அளவுக்கு எட்டாது.