மருந்துப் பரிசோதனைகளில் புள்ளிவிபரவியல் வேலை: மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்த பிள்ளையிடம் அடுத்தது என்ன என்று கேட்டால், எங்கள் பக்கம் இரண்டே பதில்தான். எஞ்சினியர், இல்லாவிட்டால் டீச்சர். மூன்றாவதாக ஒரு வழி இருப்பது பாடசாலையில் யாரும் சொல்லாததால் தெரிவதில்லை. நான் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் படித்து, பேராதனையில் புள்ளிவிபரவியல் முடித்து, இப்போது கண்டியில் இருந்தபடி மருந்துப் பரிசோதனைத் தரவுகளில் வேலை செய்கிறேன். "அக்கா, இதுக்கு எப்படிப் போறது?" என்று கேட்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்தான் இது.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். இலங்கையிலேயே நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். பிரஷருக்கான மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்தால், வழக்கமான சிகிச்சையைவிட நல்லதா என்று 700 நோயாளிகளிடம் பார்த்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் புதிய குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. மற்றவர்களில் 55 வீதம். இந்த இடைவெளி தற்செயலாக வந்திருக்குமா? 700 பேர் போதும் என்று எப்படிச் சொன்னார்கள்? யாருக்கு எந்த மருந்து என்று எப்படிப் பிரித்தார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறவர்தான் புள்ளிவிபரவியலாளர்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை உயர்தரக் கணக்கோடு நீங்களே போட்டுப் பார்க்கலாம். பிரஷர் குறைவதில் இரண்டு குழுவுக்கும் 5 மி.மீ. இரசம் வித்தியாசம் இருந்தால் பிடிக்க வேண்டும், நியம விலகல் 12 என்று வைப்போம். 5 வீத மட்டத்துக்கு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 1.96, 90 வீத வலுவுக்கு (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 1.282. இரண்டையும் கூட்டி வர்க்கித்து, அதை 2 ஆலும் 12இன் வர்க்கமான 144 ஆலும் பெருக்கி, 5இன் வர்க்கமான 25 ஆல் வகுங்கள். மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் ஒரு குழுவுக்கு 122 பேர் வரும். நூற்றுக்கு 15 பேர் இடையில் விலகிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தால் 144 பேரைச் சேர்க்க வேண்டும். இப்போது 5ஐ 2.5 ஆக்கிப் பாருங்கள். 122 பேர் 485 ஆகிவிடுவார்கள். கம்பெனிக்கு அது கோடிக்கணக்கில் செலவு, நோயாளிகளுக்கு இன்னும் நூற்றுக்கணக்கானோர் தெரியாத மருந்தைச் சாப்பிடுவது. அதனால்தான் அந்த 5 எங்கிருந்து வந்தது என்று டொக்டர்மாரிடம் விடாமல் கேட்பது எங்கள் கடமை. சூத்திரத்தை யாரும் படிக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரைத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள்.

எழுமாற்றில் பிரிப்பது நமக்கு அந்நியமான விடயமே இல்லை. தோட்டத்துச் சரிவில் மேல் மலைத் தேயிலையும் கீழே ஓடைப் பக்கத் தேயிலையும் ஒரே மாதிரி கொழுந்து தராது. ஒரு புதிய உரத்தைப் பரீட்சிக்க வேண்டுமென்றால் மேலே ஒரு தொகுதி, கீழே ஒரு தொகுதி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். மருந்துப் பரிசோதனையில் வயது, வைத்தியசாலை என்று பிரிப்பதும் இதேதான். ரொனால்ட் பிஷர் 1920களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய நிலத்தில் இந்த முறைகளை வளர்த்தார். 1948இல் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் பரிசோதனை மூலம் எழுமாற்றுப் பிரிப்பு மருத்துவத்தில் வேரூன்றியது.

சரி, படிப்பு. இணைந்த கணிதத்தை இறுகப் பிடியுங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டச் சலுகை உண்டு. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்தோமே என்று மனம் தளர வேண்டாம். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் மூன்றிலும் விஞ்ஞான பீடத்தில் புள்ளிவிபரவியல் படிக்கலாம். மருந்தியலோ உயிரியலோ முன்கூட்டிப் படித்திருக்கத் தேவையில்லை. விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் வருடம் கஷ்டம்தான், ஆனால் இந்த வேலையில் ஆங்கிலம் இல்லாமல் ஒரு நாளும் நகராது என்பதால் அங்கேயே பழகிவிடுங்கள்.

வேலைகளில் பல வகை. தொழிற்சாலையில் மருந்தின் காலாவதித் திகதியைக் கணக்கிடுவது ஒன்று. விற்பனைக்கு வந்த பிறகு பக்க விளைவுகளைக் கண்காணிப்பது இன்னொன்று. புள்ளிவிபரவியலாளர் பதவிக்குப் பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். பேராதனையின் பட்டப்பின் விஞ்ஞான நிறுவனத்தில் அதைச் செய்யலாம். வெறும் பட்டத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வாசல், பரிசோதனைத் தரவைச் சீர்செய்து அட்டவணைகளாக்கும் புள்ளிவிபரப் புரோகிராமர் வேலை.

அந்த வேலை எப்படியிருக்கும்? நோயாளிக்குத் தலைசுற்றல் வந்தது மார்ச் மாதம் என்று மட்டும் தாதி எழுதியிருப்பார், நாள் இருக்காது. மருந்து தொடங்கியது மார்ச் 14. தலைசுற்றல் மருந்துக்கு முன்பா பின்பா? இதற்கு என்ன செய்வது என்ற விதி, மறைத்து வைத்திருக்கும் யாருக்கு எந்த மருந்து என்ற விபரம் திறக்கப்படும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும், சந்தேகம் இருந்தால் மருந்துக்குப் பின்பு என்றே எண்ணுவோம், பக்க விளைவை மறைத்துவிடக் கூடாதே. அப்புறம் முக்கியமான அட்டவணைகளுக்கான புரோகிராமை இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுவார்கள். கடைசியில் இரண்டு பேரின் அட்டவணைகளையும் ஒப்பிட்டால் ஒரு எண் கூட மாறக் கூடாது. இந்தப் பொறுமை இருக்கிறவர்களுக்கு இது அருமையான வேலை.

இலட்சக்கணக்கில் கட்டிச் சான்றிதழ் வகுப்புக்குப் போகாதீர்கள். தரவுகளைக் கணக்கிடும் ஆர் (R) மென்பொருள் இலவசம். அதே வேலைக்கான சாஸ் (SAS) மாணவர்களுக்கு இணையத்தில் இலவசம். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காதே என்றால் ஆரையே எடுங்கள். டவுனுக்குப் போகும்போது ஒரு தடவை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் வேண்டாம். பரிசோதனைத் தரவுகளுக்கு நியமங்கள் வகுக்கும் சிடிஸ்க் (CDISC) அமைப்பு வெளியிட்ட, அல்சைமர் மறதி நோய்ப் பரிசோதனையின் மாதிரித் தரவும் இலவசம், மருந்துப் பரிசோதனைக்கான ஆரின் பார்மாவெர்ஸ் (pharmaverse) தொகுப்புகளில் கிடைக்கும். அதில் 254 பேர் மூன்று குழுக்களுக்கு ஒதுக்கப்பட்டார்கள். ஒதுக்கப்பட்ட குழுப்படி உங்கள் முதல் அட்டவணையில் 86, 84, 84 வருகிறதா பாருங்கள். பிறகு வயது, பால், பக்க விளைவு என்று அட்டவணைகளை வளர்த்துக்கொண்டே போங்கள். கூடவே மருந்துப் பரிசோதனைகளின் புள்ளிவிபரவியல் கோட்பாடுகளைச் சொல்லும் ஐசிஎச் ஈ9 (ICH E9) என்ற 1998 சர்வதேச வழிகாட்டியை வாசியுங்கள். அதை இரண்டு முறை வாசித்தவர் நேர்முகத்தில் தனியாகத் தெரிவார்.

விண்ணப்பிக்கும்போது கொழும்போடு நிற்க வேண்டாம். பெங்களூர், ஹைதராபாத், சென்னையில் இந்த வேலை நிறைய இருக்கிறது. வீட்டிலிருந்து செய்ய விடும் கம்பெனிகளும் உண்டு. சுயவிபரக் கோவையோடு நீங்கள் எழுதிய புரோகிராமையும் அட்டவணையையும் இணைத்து அனுப்புங்கள்.

நேர்முகத்தில் அநேகமாக இது வரும்: மருந்தை இடையில் நிறுத்தியவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா? கூடாது. நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களாக இருப்பார்கள். அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுகிறவர்களில் மருந்து நல்லதாகத் தோன்றும், எழுமாற்றில் பிரித்ததன் பயனும் போய்விடும். இதை டொக்டர் ஒருவருக்கு விளங்கும்படி, சூத்திரமே இல்லாமல், ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள்.