பழைய வேன் வாங்கும் முன்: அதன் நம்பகத்தன்மையைச் சோதித்துப் பார்க்கும் முறை

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஒரு வேனைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?” என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சரக்கும் ஆட்களும் ஏற்றப் பயன்பட்ட வண்டிக்கு அந்த எண் பாதிக் கதையைக்கூடச் சொல்லாது. நெடுஞ்சாலையில் மிதமான சுமையோடு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடி, உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்டு வந்த வேன், நெரிசலில் முழுப் பாரத்தோடு நின்று நின்று 1 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வேனைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். வண்டி எப்படி ஓட்டப்பட்டது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதை அந்த வண்டியைப் பார்த்தே கண்டுபிடிக்கும் வழியை, இதுவரை பானெட்டைத் திறந்தே பார்க்காதவருக்கும் புரியும்படி இங்கே விளக்குகிறேன்.

புறப்படும் முன்

ஒரு டார்ச் விளக்கு, கையுறை, பழைய துணி, துணியில் சுற்றிய சிறு காந்தம், தரையில் விரித்துப் படுக்க ஓர் அட்டை ஆகியவை போதும். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் செல்லுங்கள்; ஈரமான வண்டியில் பெயின்ட் வேறுபாடும் நசுங்கலும் கண்ணுக்குத் தெரியாது. விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நீங்கள் வந்து சேரும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்க வேண்டும். பழைய எஞ்சினின் குறைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த நிலையில் முதல் ஓரிரு நிமிடங்களில்தான் வெளிப்படும்.

படி 1: ஆவணங்கள்

பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்டிருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 1980களுக்குப் பிறகு தயாரான பெரும்பாலான வாகனங்களின் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணில், எழுத்துகளும் எண்களுமாக மொத்தம் 17 இருக்கும். பொறித்த இடத்தைச் சுற்றி அரைத்த தடமோ புதிய பெயின்டோ இருந்தால், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, திரும்பிவிடலாம். வண்டியின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்பதையும் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், உரிய பதிவேட்டிலோ ஆவணத்திலோ உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் குறிக்கப்பட்ட கிலோமீட்டர் முறையாக ஏறி வருகிறதா என்று பாருங்கள். ஓடோமீட்டர் 80,000 என்று காட்டும்போது கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்தும் ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க விளிம்பு கிழிந்தும் இருந்தால் அந்த எண்ணை நம்ப இயலாது. “இந்த வண்டியில் பழுதே வந்ததில்லை” என்று சொல்லி ஒரு ரசீதும் காட்டாதவரைவிட, தடித்த ரசீதுக் கட்டை நீட்டுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

படி 2: அடிப்பகுதியும் துருவும்

பெரும்பாலோர் எஞ்சினிலிருந்து தொடங்குவார்கள்; அடிப்பகுதியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. எஞ்சினை இறக்கிப் பழுது பார்க்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸிஸ் துருப்பிடித்து உளுத்துப்போன வேனை மீட்கும் செலவு பெரும்பாலும் அந்த வேனின் மதிப்பையே தாண்டிவிடும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதே அட்டையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது.

சேஸிஸின் நீளச் சட்டங்கள், ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடங்கள், சக்கர வளைவுகளின் உட்புறம், கதவுகளுக்குக் கீழே உள்ள விளிம்பு, இழுத்துத் திறக்கும் பக்கக் கதவின் கீழ்த் தண்டவாளம், முன் கண்ணாடியின் அடிப்பகுதி, கூரையின் நீர் வடியும் பள்ளம் ஆகியவற்றில்தான் துரு முதலில் குடியேறும். மேலாகப் படிந்த செம்பழுப்பு நிறம் பழைய வண்டிக்கு இயல்பு. அடுக்கடுக்காகச் செதில் உரிவதும், ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிப்பதும் உள்ளே இரும்பு கரைந்துவிட்டதைக் காட்டும். காந்தம் ஒட்டாத இடத்தில், அந்தப் பாகம் இயல்பிலேயே பிளாஸ்டிக்கோ அலுமினியமோ இல்லையென்றால், தகட்டுக்குப் பதிலாகப் பட்டி (ஓட்டையையும் நசுங்கலையும் நிரப்பும் பசை) பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால், அது எப்போது, எதற்காக அடிக்கப்பட்டது என்று கேளுங்கள். விற்பதற்கு முந்தைய வாரத்தில் யாரும் வெறும் அக்கறையால் அதைச் செய்வதில்லை. சரக்குப் பகுதியில் விரித்திருக்கும் பலகையையோ ரப்பர் விரிப்பையோ தூக்கிப் பாருங்கள். அடியில் தேங்கும் ஈரம் தரைத் தகட்டை ஓசையின்றி அரித்திருக்கும்.

பிறகு வண்டியின் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சமதரையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், சுமையே இல்லாதபோது பின்பகுதி தாழ்ந்து ஸ்பிரிங் பட்டைகள் வளைவிழந்திருந்தாலும், அந்த வேன் அளவுக்கு மீறிச் சுமந்திருக்கக்கூடும். பட்டைகளில் எங்காவது விரிசல் இருக்கிறதா என்று தனித்தனியே பாருங்கள். பின்னால் இழுவைக் கொக்கி இருந்தால், எதை இழுத்தது என்று கேளுங்கள். கிளட்சும் கியர்பாக்ஸும் அதற்கான விலையைக் கொடுத்திருக்கலாம்.

படி 3: குளிர்ந்த எஞ்சின்

பானெட்டைத் திறந்து, எஞ்சினின் அருகே கையை வைத்து அது குளிர்ந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். கேட்டுக்கொண்டும் சூடாக இருந்தால் அதுவே ஒரு தகவல்தான்.

டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவைக் காட்டும் கம்பி) உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து, ஆயில் இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்கிறதா என்று பாருங்கள். டீசல் எஞ்சினில் மாற்றிய சில நாட்களிலேயே ஆயில் கறுத்துவிடும்; அதற்காக அஞ்ச வேண்டாம். பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பியிருந்தாலோ உலோகத் துகள் மின்னினாலோ அஞ்ச வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் மட்டும் வெண்ணெய் போன்ற படிவு இருப்பது, குளிர்ந்த பருவத்தில் குறுந்தூரம் மட்டுமே ஓடிய வண்டிகளிலும் வரும். ஆகவே கூலன்ட்டையும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்: அதில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் (ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் எஞ்சினின் மேல்பகுதியை அடைக்கும் தகடு) பழுதாகியிருக்க வாய்ப்புண்டு, வெறும் தண்ணீரோ துருநிறக் கலங்கலோ இருந்தால் பராமரிப்பு இல்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் நீர் முகத்தில் பீறிடும்.

உங்கள் வேனின் எஞ்சினில் பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒத்திசைந்து இயங்கச் செய்வது டைமிங் பெல்ட்டா (ரப்பர் பட்டை), டைமிங் செயினா (உலோகச் சங்கிலி) என்பதை முன்பே தெரிந்துகொண்டு செல்லுங்கள். பெல்ட் என்றால், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது வேண்டும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் வரம்போடு ஆண்டு வரம்பும் உண்டு. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமையடையும். பல எஞ்சின்களில் ஓட்டத்தின்போது அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை இடித்து எஞ்சினே நொறுங்கிவிடும். ரசீது இல்லையென்றால், வாங்கியவுடன் மாற்றும் செலவை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: ஸ்டார்ட் செய்தல்

முதலில் சாவியை முழுவதும் திருகாமல் ‘ஆன்’ நிலையில் நிறுத்துங்கள். எஞ்சின், ஆயில் அழுத்தம், பேட்டரி முதலிய எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்குதான் அதிகச் சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் பழுதைச் சரிசெய்வதைவிட பல்பைக் கழற்றுவது மலிவு.

ஸ்டார்ட் செய்யும்போது உடன் வந்தவரைச் சைலன்சரின் அருகே நிற்கச் சொல்லுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். குளிரில் எழுந்து சில நிமிடங்களில் மறையும் மெல்லிய வெண்ணிறம் வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பின்னும் அடர்த்தியாகத் தொடர்ந்தால் கூலன்ட் எரியலாம், டீசல் வண்டியில் எரிபொருள் முழுதாக எரியாமலும் போகலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கக்கும் கரும்புகை, எரிபொருள் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போவதன் அடையாளம். தொடக்கத்தில் சில நொடிகளுக்குச் சங்கிலி உரசும் சத்தம் கேட்டால், டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் மூடியைக் கவனமாகத் தளர்த்திப் பாருங்கள். லேசாகக் காற்று வருவது இயல்பு. மூடியே துள்ளும் அளவுக்கு விட்டுவிட்டு வேகமாகப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்குகள் (பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையங்கள்) தேய்ந்திருக்கின்றன.

படி 5: ஓட்டிப் பார்த்தல்

தெருமுனை வரை போய்த் திரும்புவது சோதனை ஆகாது. எஞ்சின் முழுமையாகச் சூடேறும்படி அரை மணி நேரமாவது, ஏற்றமும் வேகச் சாலையும் கரடான பகுதியும் வரும் வழியில் ஓட்டுங்கள். இயன்றால் நான்கைந்து பேரையோ கொஞ்சம் பாரத்தையோ ஏற்றிக்கொள்ளுங்கள். வெறும் வேன் தன் பலவீனங்களை எளிதில் மறைத்துவிடும்.

மேல் கியரில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை நன்கு அழுத்துங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டி வேகமெடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது உறுமினால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி மெல்ல வட்டமடிக்கும்போது வரும் ‘டக் டக்’ ஓசை, முன்சக்கரத்தால் இயங்கும் வேன்களில் ஆக்ஸில் மூட்டுகளின் தேய்மானம். பின்னால் வாகனம் வராத இடத்தில் ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்துப் பிரேக்கை அழுத்தி, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வெப்பமானியின் முள் ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். ஏற்றத்தில் ஏறிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

திரும்பி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் சற்று நேரம் ஓடவிட்டு, அடியில் ஏதேனும் சொட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் சட்டென்று பற்றும் சில டீசல் எஞ்சின்கள் சூட்டில்தான் திணறும்.

படி 6: மீதமுள்ளவை

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணமோ சஸ்பென்ஷனோ சரியில்லை. பக்கக் கதவைச் சாய்தரையில் இழுத்துப் பாருங்கள். விளக்குகளையும் வைப்பரையும் ஒருமுறை இயக்கினால் போதும்.

அண்மைக்கால வேன்களில் பெரும்பாலானவற்றில் ஸ்கேனர் பொருத்தும் ஓ.பி.டி. துளை (வண்டியின் கணினி பதிந்துவைத்த பிழைகளைப் படிக்க உதவும் இணைப்பு) இருக்கும். பிழைக் குறியீடு ஏதும் இல்லை என்பதோடு நிற்காமல், வண்டியின் கணினி தானே செய்துகொள்ளும் உள் சோதனைகள் முடிந்த நிலையில் உள்ளனவா என்றும் பாருங்கள். அவை அனைத்தும் முடியாமல் இருந்தால், அண்மையில்தான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவிலும் தேறிய வேனை மட்டும், உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், லிஃப்டில் ஏற்றி அடியை முழுமையாகப் பார்க்கவும் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கவும் சொல்லுங்கள். விற்பவர் இதற்கு உடன்படாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். உடன்பட்டால், கிடைத்த குறைகளை ஓட்டுவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, அப்படியே விட்டுவிடக்கூடியவை என்று பிரித்து எழுதுங்கள். முதல் பிரிவின் முழுச் செலவையும், இரண்டாவதில் ஒரு பகுதியையும் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்; மூன்றாவதைக் காட்டிப் பேரம் பேசினால், முதல் இரண்டுக்கும் கிடைக்க வேண்டிய சலுகையை இழப்பீர்கள்.